துறைமுகத்தில் ஒரு தாய்



தண்ணீர்க் கரையில் நின்று ஒருவரை வழியனுப்புதல் கிண்ணியா மக்களுக்குப் புதியதன்று. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்கு நேர்வழியாகச் செல்ல விரும்பியவர் படகுப்பாதையில் ஏறியே அக்கரை சேர வேண்டியிருந்தது. இன்று 396 மீற்றர் நீளமான அப்பாலத்தை வாகனங்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. ஆனால் அதன்மேல் பெட்டியோடு செல்லும் மகன்மார் பலர் திருகோணமலையோடு நின்றுவிடுவதில்லை. கட்டாருக்கும் சவூதிக்கும் அதற்கப்பாலும் போகின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நம் நாட்டின் எத்தனையோ வீடுகளிலிருந்து இளையோரை வெளியே தள்ளியது. இசுலாமியச் சகோதரர் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரில், தொழுகைப் பாயில் அமர்ந்த தாயும் செபமாலை ஏந்திய தாயும் கேட்கின்ற வரம் ஒன்றேதான்.

சிறு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்க்கலாம். இருபத்தெட்டு வயது மகனுக்கு வந்திருக்கும் கேட்டை எந்தக் கை தொட்டறியும்? அவனுக்கென்று நியாயங்கள் உண்டு, நண்பர்கள் உண்டு, நம்மிடம் சொல்லாத செய்திகளும் உண்டு. கேட்டால் ஒளிப்பான், கேளாதிருந்தால் நம் உறக்கம் போகும். இப்பத்தியை எழுதுபவனும் ஒரு தந்தையே என்பதால் இதைச் சற்று உரத்துச் சொல்லும் உரிமை உண்டு என எண்ணுகின்றேன்.

ஆகத்து 27ஆம் நாளில் புனித மோனிக்காவையும் மறுநாளில் அவர் மகன் புனித அகுஸ்தீனாரையும் திருச்சபை நினைவுகூருகின்றது. மகன் பேரறிஞர், பெரும் எழுத்தாளர். 354ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவின் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவர் தம் உள்ளத்தைக் கடவுள்முன் திறந்து எழுதிய நூலின் வாயிலாகவே அத்தாயை நாம் அறிகின்றோம். அவர் அந்நூலில் தம் வீட்டை அழகுபடுத்திக் காட்டவில்லை. தந்தை முன்கோபி, வாழ்வின் இறுதிக் காலத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர். மகனோ கல்வி கற்கக் கார்த்தேஜ் நகருக்குச் சென்று, மணமுடிக்காமலே ஒரு பெண்ணோடு வாழ்ந்து ஆண் குழந்தைக்குத் தந்தையானார். மானியின் கொள்கையைத் தழுவினார். ஊர் திரும்பிய அவரைத் தன் வீட்டில் ஒரே பந்தியில் அமர்த்தவும் தாய்க்கு மனம் ஒப்பவில்லை. பின்னர்க் கண்ட ஒரு கனவு அவரைத் தேற்ற, கதவு மீண்டும் திறந்தது.

அக்காலத்தில் மோனிக்கா ஓர் ஆயரிடம் சென்று, மகனோடு வாதாடித் திருத்துமாறு வேண்டினார். ஆயர் மறுத்துவிட்டார். சிறுவயதில் தாமும் அக்கூட்டத்தாரிடையே வளர்ந்து, அவர்களுடைய நூல்களைப் படியெடுத்து, எவரும் எதிர்த்து வாதிடாமலே பொய்யை உணர்ந்து வெளியேறியவர் அவர். இப்போது எதைச் சொன்னாலும் மகன் கேட்கமாட்டான், அவனை அவன் போக்கில் விட்டு இறைவனிடம் மன்றாடு என்றார். தாய் விடவில்லை, அழுது அழுது கேட்டார். சலிப்புற்ற ஆயர், இத்தனை கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோகமாட்டான் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். பல நூற்றாண்டுகளாகத் தாய்மாரைத் தேற்றிவரும் இச்சொல், ஓர் அலுப்பின் நடுவே பிறந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

383ஆம் ஆண்டில் அகுஸ்தீன் உரோமைக்குச் செல்லத் துணிந்தார். தாய் கடற்கரைவரை தொடர்ந்து வந்தார்: ஒன்றில் நீ திரும்பிவா, அல்லது என்னையும் அழைத்துச் செல் என்றார். நண்பன் ஒருவனை வழியனுப்பவே வந்தேன், காற்று வாய்க்கும்வரை அவனோடு நிற்கவேண்டும் என்று மகன் பொய் சொன்னார். துறைக்கு அருகே மறைசாட்சி சிப்ரியானின் நினைவாலயம் ஒன்று இருந்தது. அதில் அன்றிரவு தாய் அழுது செபித்திருக்க, மகன் கப்பலேறிவிட்டார். விடிந்தபோது கரையில் நின்ற அப்பெண்ணின் கதறலைக் கொட்டியாரக் குடாவின் கரைகளில் வாழும் நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

மகன் போகக்கூடாது என்பதே அவ்விரவின் வேண்டுதல். அது கேட்கப்படவில்லை. ஆனால் உரோமையிலிருந்து மிலானுக்குப் போனதால்தான் அகுஸ்தீன் ஆயர் அம்புரோசியாரைச் சந்தித்தார். 387 பாஸ்கா திருவிழிப்பில் அவர் கையால் திருமுழுக்குப் பெற்றார். தாய் அன்று கேட்டதை மறுத்து, என்றும் கேட்டுவந்ததை இறைவன் அளித்தார் என்பது பிற்காலத்தில் மகன் கண்ட தெளிவு.

லூக்கா நற்செய்தியின் தந்தை மகனைத் தேடிப் போகவில்லை. வீட்டில் இருந்து வழியைப் பார்த்திருந்தார். மோனிக்காவோ கடல் கடந்தே போனார். இடையில் புயல் வந்தபோது, கலங்கிய மாலுமிகளுக்கு அவரே ஆறுதல் சொன்னார். இவ்விருவரில் யாரைப் பின்பற்றுவது? நம் வீடுகளில் சிலருக்குப் போவதற்கு வழியே இல்லை; கைத்தொலைபேசியில் வரும் அரை நிமிடக் குரலே கப்பலும் துறையும். வேறு சிலரோ பிள்ளையின் நிழலாகவே அலைகின்றனர். மிலானில் மோனிக்காவின் அன்பும் ஓரிடத்தில் பிழைத்தது என்றே எமக்குத் தோன்றுகின்றது. மகனுக்கு நல்ல இடத்தில் பெண் பார்ப்பதில் அவர் பெரிதும் முனைந்தார். அத்திருமணத்துக்குத் தடையென்று, ஆண்டுகள் பல உடன்வாழ்ந்தவள் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் தன் மகனை விட்டுச் சென்றாள். அவளுடைய பெயர்கூட நூலில் இல்லை. பேசப்பட்ட திருமணமும் நடைபெறவில்லை. புனிதரின் கவலையும் இன்னொரு தாயை அழவைக்கக்கூடும்.

அவள் விட்டுச்சென்ற அதேயோதாத்துஸ், தந்தையோடு அதே இரவில் திருமுழுக்குப் பெற்றான். அதே ஆண்டில் ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா நோயுற்று ஒன்பதாம் நாள் இறந்தபோது வாய்விட்டு அழுதவனும் அவனே. தம் ஊரில் கணவரின் அருகே அடக்கம்பெற வெகுகாலம் விரும்பியிருந்த மோனிக்கா, உடலை எங்கேனும் இடுங்கள், பீடத்தருகில் என்னை நினைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். 1945ஆம் ஆண்டில் ஓஸ்தியாவில் சிறுவர் இருவர் விளையாட்டாகக் குழி தோண்டுகையில் அவருடைய கல்லறை எழுத்தின் ஒரு துண்டு வெளிப்பட்டது.

அகுஸ்தீனும் பின்னர் மகனை இழந்தார். அப்போது அவனுக்குப் பதினேழு வயதளவே. தந்தையும் மகனும் உரையாடுவதாக அமைந்த 'ஆசிரியர்' என்னும் நூலில் மகன் கூறுவன யாவும், பதினாறாம் வயதில் அவனுடைய சொந்தக் கருத்துகளே என்று தந்தை எழுதிவைத்தார். அவனைப்பற்றி இனி எனக்கு எந்த அச்சமும் இல்லை என்றும் எழுதினார்.