கைக்கெட்டாத கம்ப்யூட்டர்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு உதியன்குளங்கரை வழியில் வரும் ஒரு நிறுத்தம். நெய்யாற்றின்கரை தாண்டி, அமரவிளை பாலத்தில் ஆற்றைக் கடந்தால், பாறசாலைக்கு முன்னால் வரும். இன்னும் கொஞ்சம் போனால் களியக்காவிளை. அதற்கப்பால் தமிழ்நாடு. 1956 நவம்பரில் கோடு போட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. மொழி மட்டும் கோட்டைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் கோட்டுக்கு வடக்கே ஒரு விசேஷம் உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு லினக்ஸ் புதிய பெயரல்ல. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் சுதந்திர மென்பொருளுக்கு மாறியது. அந்தத் திட்டம்தான் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. பத்தாம் வகுப்பு மாணவர் ஐ.டி. தேர்வு எழுதுவதே லினக்ஸ் இயந்திரத்தில்தான். எனவே எல்லையோர கிராமம் ஒன்றில், வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி மும்பையில் இருக்கும் லினக்ஸ் சர்வரை ஒருவர் பராமரிப்பதில் வியக்க ஒன்றுமில்லை.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்வோம். ஒரு மருத்துவமனையின் லேப் ரிப்போர்ட்டுகள் அடங்கிய சர்வர் அவர் பொறுப்பு. இயங்குதளம் பழையதாகிவிட்டது. புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். இரவு ஒரு மணி. (ஆஸ்பத்திரி தூங்குமா என்று கேட்காதீர்கள். ரத்தப் பரிசோதனை கவுண்டர் தூங்கும். காலை ஏழு மணிக்கு எழுந்துவிடும்.) எஸ்.எஸ்.ஹெச். என்ற பாதுகாப்பான இணைப்பின் வழியே உள்ளே போகிறார். கட்டளையை அடிக்கிறார். நூற்றுக்கணக்கான மென்பொருள் பொதிகள் இறங்கி, பழையவை போய்ப் புதியவை அமர்கின்றன. எல்லாம் ஒழுங்கு. கடைசியாக ரீபூட். திரை உறைகிறது, அது எதிர்பார்த்ததுதான். இரண்டு நிமிடம் காத்திருக்கிறார். ஐந்து நிமிடம். மறுபடி இணைக்கப் பார்க்கிறார். 'கனெக்ஷன் டைம்டு அவுட்'.

சர்வர் எரிந்துபோகவில்லை. அநேகமாக அது நல்ல ஆரோக்கியத்தோடு மும்பையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட்டுகள் டிஸ்க்கில் பத்திரம். ஆனால் அதனிடம் பேச ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியையே அவர் பழுது பார்த்துவிட்டார். அமர்ந்திருந்த கிளையை வெட்டிய காளிதாசன் கதை நினைவுக்கு வந்தால் தப்பில்லை. காளிதாசனாவது கீழே விழுந்ததும் தரையில் இருந்தான்.

இந்த விபத்து லினக்ஸைவிட வயதில் மூத்தது. 1976 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய வைக்கிங்-1 தொண்ணூறு நாட்களுக்கென்று வடிவமைக்கப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. பேட்டரி தளர்ந்துவந்தது. அதைச் சார்ஜ் செய்யும் முறையைத் திருத்த 1982 நவம்பரில் பூமியிலிருந்து புதிய மென்பொருள் அனுப்பினார்கள். அது போய் அமர்ந்த இடத்தில், ஆண்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்புவதற்கான தகவல் இருந்தது. தகவல் அழிந்தது, ஆண்டெனா வேறெங்கோ பார்த்தது. மாதக்கணக்கில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. நல்ல நோக்கத்தோடு செய்த அப்கிரேடு, பேச்சுவார்த்தைக்கான கருவி மீதே கைவைத்துவிட்டது. செவ்வாய்க்கு யாரையும் அனுப்பி 'ரீசெட்' பித்தானை அழுத்தச் சொல்ல முடியாது.

லினக்ஸில் இது எப்படி நடக்கிறது? பல வழிகள். அதிகம் ஏமாற்றுவது பெயர் மாற்றம். ஒரு காலத்தில் முதல் நெட்வொர்க் கார்டின் பெயர் 'ஈத்-0', அடுத்தது 'ஈத்-1'. கெர்னல் எதை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்குப் பூஜ்யம். இரண்டு கார்டுகள் இருந்தால் இன்று முதலாவதாக வந்தது நாளை இரண்டாவதாகிவிடும் அபாயம் இருந்தது. 2013இல் 'சிஸ்டம்-டி' இதற்குப் பரிகாரம் செய்தது: கார்டு எந்தப் பொருத்துவாயில் இருக்கிறதோ அந்த இடத்தை வைத்தே பெயர். 'இ.என்.பி.3.எஸ்.0' என்பது போல. நல்ல யோசனை. ஆனால் புதிய பதிப்பு அதே பொருத்துவாயைப் பற்றி முன்பு அறியாத விவரத்தை அறிந்துகொண்டால் வேறு பெயர் வைத்துவிடும். முகவரி விவரங்கள் எழுதியுள்ள கோப்பிலோ பழைய பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயரில் கார்டு இல்லை. ஆகவே எதற்கும் முகவரி இல்லை. வார்டு மறுவரையறைக்குப் பின் பஞ்சாயத்து வீட்டு எண்ணை மாற்றிவிட, பழைய எண்ணைத் தேடி அலையும் கூரியர் பையனின் கதிதான்.

அடுத்தது டிரைவர். சில கார்டுகளுக்கு வேண்டிய மென்பொருளைத் தனியாகத் தேடிப்பிடித்துப் பழைய கெர்னலோடு யாரோ கட்டியிருப்பார். புது கெர்னல் வரும்போது அது கூட வராது. மூன்றாவது, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் பொறுப்பே கைமாறுவது. உபுண்டுவில் 'நெட்பிளான்' வந்தது. ரெட்ஹேட் குடும்பத்தில் பழைய கோப்பு முறை படிப்படியாக விடைபெற்றது. ஃபயர்வால், எஸ்.எஸ்.ஹெச். அமைப்பு மாறிப்போவதெல்லாம் தனி.

நடுவில் இணைப்பு அறுந்துபோவதும் உண்டு. மழைக்காலத்தில், மின்சாரம் வந்துவந்து போகும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பாதி வழியில் இணைப்பு போனால், அதைப் பிடித்துக்கொண்டிருந்த அப்கிரேடும் பாதியில் நிற்கக்கூடும். 'ஸ்கிரீன்', 'டிமக்ஸ்' என்ற எளிய கருவிகள் இதற்குத்தான். வேலை சர்வரிலேயே ஓடும், நாம் போய்வரலாம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இப்படி ஒரு எச்சரிக்கை இருக்கிறது: முந்தைய பதிப்பிலிருந்து தொலைவில் இருந்தபடி மாறும்போது நடுவில் தடைபட்டால் எஸ்.எஸ்.ஹெச். வழியே மீண்டும் நுழைய முடியாமல் போகலாம். அந்தப் பொதியின் திருத்திய பதிப்பை முதலில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்துக்கும் அதற்கும் ஒரே வாசகர் வட்டம்தான்.

கத்துக்குட்டிகள் மட்டும்தான் மாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டேட்டாடாக் நிறுவனத்தின் தொழிலே மற்றவர்களின் சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று கண்காணிப்பது. 2023 மார்ச் 8. இந்திய நேரம் முற்பகல் பதினொன்றரை மணியளவில் அதன் சொந்த இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெட்வொர்க்கிலிருந்து மறைந்தன. பல்லாயிரக்கணக்கில். வெவ்வேறு கிளவுட் நிறுவனங்களில், வெவ்வேறு கண்டங்களில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். விஷமிகளின் வேலையோ என்று சந்தேகிக்கத் தோன்றும். காரணம் சாதுவானது. உபுண்டு 22.04இல் சிஸ்டம்-டிக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்திருந்தது. அது தானாகவே இறங்கியது. இறங்கியதும் நெட்வொர்க் நிர்வாகச் சேவை மறுபடி தொடங்கியது. தொடங்கியபோது, தான் போடாத பாதைகளையெல்லாம் துடைத்துவிட்டது. அந்தப் பாதைகளைப் போட்டிருந்தது 'சிலியம்' என்ற வேறொரு மென்பொருள். புது வேலைக்காரர் வந்த அன்று, 'இது யாருடையது?' என்று கேட்காமல் வீட்டைச் சுத்தம் செய்தது போல.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு சர்வர் புதிதாக உயிர்பெறும்போது முதலில் நெட்வொர்க் சேவை எழும், பிறகுதான் சிலியம் பாதைகளைப் போடும். அந்த வரிசையில் எந்தப் பிரச்னையும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் நெட்வொர்க் சேவை மட்டும் மறுபடி எழுந்தால்தான் அபாயம். சோதனைக்கூடத்தில் புது இயந்திரத்தை வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. சேவை முழுமையாகத் திரும்ப ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. வருவாய் இழப்பு சுமார் 50 லட்சம் டாலர் என்று நிறுவனமே பிறகு கணக்குச் சொன்னது. தானாக இறங்கும் அந்த வாய்க்காலையும் அடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஆகஸ்ட் 30 அன்று, மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் கிளவுடில் உபுண்டு 18.04 இயந்திரங்களுக்கு இதே சிஸ்டம்-டியின் வேறொரு திருத்தம் வந்தது. அங்கே பாதை போகவில்லை, பெயர்ப் பட்டியல் போயிற்று. இணைய முகவரிகளைக் கண்டுபிடிக்கும் டி.என்.எஸ். வசதி இல்லாமல் இயந்திரங்கள் திணறின. ரீபூட் செய்ததும் பல சரியாகின.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்கிரேடே வேண்டாம்' என்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வருடம் அணைக்காமல் ஓடும் சர்வரைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். 2024 ஜூன் 30ஆம் தேதியோடு சென்ட்-ஓ.எஸ். 7க்கான பராமரிப்பு முடிந்தது. மறுநாளே எஸ்.எஸ்.ஹெச். மென்பொருளின் சில பதிப்புகளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியாயிற்று. பூட்டே பழுது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, நம் கற்பனை மனிதர் காத்திருக்கிறார். அவர் முதலில் பார்க்க வேண்டியது, என்ன மாதிரி மௌனம் என்பது. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் நல்ல செய்தி: இயந்திரம் உயிரோடு இருக்கிறது, நெட்வொர்க் இருக்கிறது, எஸ்.எஸ்.ஹெச். சேவை மட்டும் எழவில்லை. 'பிங்'குக்குப் பதில் வந்து உள்ளே மட்டும் விடவில்லை என்றால் ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். எதற்கும் பதிலில்லை என்றால் கார்டு, பெயர், டிரைவர் அல்லது பாதை; இல்லையேல் இயந்திரம் முழுதாக எழவே இல்லை. உபுண்டு பயனாளிக்கு இன்னொரு கதவு: எஸ்.எஸ்.ஹெச். வழியே பதிப்பு மாற்றும்போது அது 1022ஆம் எண் போர்ட்டில் இரண்டாவது எஸ்.எஸ்.ஹெச். ஒன்றைத் திறந்து வைக்கிறது. ரீபூட்டுக்கு முன் தடைபட்டவர்களுக்கு உதவும், ஃபயர்வாலில் அந்த எண்ணை அனுமதித்திருந்தால்.

எதுவுமே இல்லையென்றால் கன்சோல்தான் கதி. நெட்வொர்க்கைச் சாராமல் திரையையும் கீபோர்டையும் காட்டும் பின்வாசல். கிளவுட் சர்வரானால் பிரௌசரிலேயே கிடைக்கும். சொந்த இரும்பானால் மதர்போர்டில் தனியாக ஓடும் சிறு கம்ப்யூட்டரின் வழியே போகலாம், அதற்குத் தனி கேபிள் செருகியிருந்தால். அதுவும் இல்லையா? டேட்டா சென்டருக்கு போன் போட்டு, இரவுப் பணியாளரை எழுப்பி, திரையில் உள்ளதை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் 'ஐபி லிங்க்' என்று அடித்தால் கார்டுகளின் இன்றைய பெயர்கள். 'ஐபி அட்ரஸ்' என்றால் முகவரி உண்டா. 'ஐபி ரூட்' என்றால் வெளியே போகும் பாதை உண்டா. கார்டே பட்டியலில் இல்லையென்றால் டிரைவர். பூட் மெனுவில் பழைய கெர்னல் இன்னும் இருக்கும்; அதை அழிக்காத புண்ணியவான்கள் அதன் மூலம் எழுந்து சாவகாசமாகப் பழுது பார்க்கலாம்.

இவ்வளவும் விபத்துக்குப் பின். விபத்துக்கு முன் செய்யக்கூடியதை வாயேஜர்-2 சொல்லித் தருகிறது. 2023 ஜூலையில் தவறான கட்டளை ஒன்றால் அதன் ஆண்டெனா பூமியிலிருந்து இரண்டு டிகிரி விலகிவிட்டது. வைக்கிங்கின் அதே நோய். தூரம் சுமார் 2,000 கோடி கிலோமீட்டர்; சொல்லும் சொல் போய்ச்சேரப் பதினெட்டரை மணி நேரம். ஆனால் நாசாவினர் நிதானமாக இருந்தார்கள். அந்த விண்கலம் ஆண்டுக்குச் சில முறை, யாரும் சொல்லாமலே, தன் திசையைச் சரிசெய்துகொள்ளும். அடுத்த முறை அக்டோபர் 15. கான்பெர்ராவின் பெரிய ஆண்டெனாவிலிருந்து ஓங்கிக் குரல் கொடுத்ததில் ஆகஸ்ட் 4ஆம் தேதியே தொடர்பு மீண்டது. கேட்டிருக்காவிட்டாலும் அக்டோபரில் அதுவாகத் திரும்பியிருக்கும்.

இதே தந்திரம் லினக்ஸில் இலவசமாகவே கிடக்கிறது. 'நெட்பிளான் ட்ரை' என்று அடித்தால் புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 விநாடி காத்திருக்கும். நீங்கள் 'சரி' என்று விசையைத் தட்டாவிட்டால், அதாவது தட்ட முடியாத நிலைக்குப் போயிருந்தால், பழையபடி மாற்றிவிடும். 'க்ரப்-ரீபூட்' கட்டளையால் புது கெர்னலை ஒரே ஒரு முறை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த ரீபூட்டில் பழையதே வரும். ஜூனிப்பர் ரௌட்டர்களில் 'கமிட் கன்ஃபர்ம்டு' என்றால் பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யாத மாற்றம் ரத்து. கார்டின் பெயரை நம்பாமல், அதில் பொறித்த மேக் முகவரியைக் கொண்டு அடையாளம் காணும்படி எழுதிவைத்தால் பெயர் மாறும் தொல்லையும் போயிற்று. ஐந்து நிமிட வேலை. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இந்த ஐந்து நிமிடம்தான்.

பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஃபேஸ்புக். 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய கருவியில் பிழை. சுமார் ஆறு மணி நேரம் வாட்ஸ்அப்பும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை. தூரத்திலிருந்து திருத்த வழியில்லாததால் பொறியாளர்களை நேரில் அனுப்பினார்கள். எளிதில் யாரும் நுழையக்கூடாதென்று கட்டிய கட்டடங்கள், அவர்களையும் எளிதில் விடவில்லை. அதன் கட்டமைப்புப் பிரிவின் துணைத் தலைவர் சந்தோஷ் ஜனார்த்தன் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார்.

உதியன்குளங்கரைக்காரருக்கு நேரில் போகும் வசதி சர்வர் கழக்கூட்டத்தில் இருந்தால் உண்டு. மும்பையில் என்றால் ரயில் டிக்கெட் கிடைப்பதற்குள் கவுண்டரில் ரத்தம் கொடுத்தவர்கள் மறுநாளும் வந்து நிற்பார்கள். தனி கன்சோல் இணைப்புக்கென்று மாதாமாதம் கேட்கப்படும் தொகையை 'இது எதற்கு?' என்று ஒப்பந்தத்தில் அடித்துவிடுவது பெரும்பாலும் சர்வரின் சொந்தக்காரர்; இரவு இரண்டு மணிக்கு அதற்குப் பதில் சொல்வதோ அவர் அல்ல. பராமரிப்பு வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த ஒரு வரி கோட்டேஷனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அடித்தவரின் கையெழுத்தையும் அதே வரியின் பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம்.