புஸ்தகமும் பூஜையும்

புஸ்தக வெளியீட்டு விழா என்பதாக ஒன்று இப்போது நம் ஊர்களில் அடிக்கடி நடைபெற்று வருவது வாசகர்கள் அறிந்ததே. மேடைமீது பத்துப் பேர் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக் கொள்ளுகிறார்கள். பிறகு ஆசிரியர் எழுந்து, தாம் எழுதியது ஒன்றுமில்லை என்றும், கலைமகள்தான் உள்ளிருந்து எழுதுவித்தாள் என்றும் அடக்கமாய்ச் சொல்லி உட்காருகிறார். அப்படியானால் பொன்னாடை அவளுக்கல்லவா போகவேண்டும்? புஸ்தகத்திலுள்ள பிழைகளுக்கும் அவள்தானா ஜவாப்தாரி? இதையெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை.

நிற்க, ஒரு நூல் எதனால் பிறக்கிறது, எதனால் பிழைக்கிறது என்பதற்கு நம் தமிழ் நாட்டிலேயே நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுவோம்.

1880-ம் வருஷத்தில் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராயிருந்தவர் உ.வே.சாமிநாதய்யர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைப் பார்த்து, என்னென்ன படித்திருக்கிறீர் என்று விசாரித்தார். அய்யர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று வரிசையாய் ஒப்புவித்தார். முதலியார் அதற்கெல்லாம் மயங்கவில்லை. இவற்றிற்கு முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவகசிந்தாமணிப் பிரதி ஒன்றையும் தேடிக் கொடுத்தார். சைவ மடத்தில் பாடங்கேட்ட பிராமணராகிய அய்யருக்கு அந்த ஜைன நூலின் விஷயம் விளங்கவில்லை. ஆகவே அவர் கும்பகோணத்திலிருந்த ஜைனர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று பின்னால் ஒவ்வொன்றாய் வந்தன. அவருக்கு முன்னமேயே யாழ்ப்பாணத்துத் தாமோதரம் பிள்ளை இந்த வேலையில் இறங்கியிருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

இதிலே தேவி எந்த இடத்தில் வந்தாள்? ஒரு முன்சீபு கேட்ட கேள்வி. கேட்டவுடன் கோபித்துக்கொள்ளாமல் தன் படிப்பு போதாது என்று உணர்ந்த ஒரு பண்டிதர். மதம் வேறானாலும் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்த சில ஜைனர்கள். பல பிரதிகளை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாய் ஒத்துப்பார்த்த உழைப்பு. அய்யர் தம் வரையில் பெரிய பக்தர்தான். ஆனால் ஏட்டில் சந்தேகம் வந்தபோது அவர் மற்றொரு ஏட்டைத் தேடி ஊர் ஊராய்ப் போனாரேயொழிய, கோவில் பிரகாரத்தில் உட்கார்ந்து கொண்டிருக்கவில்லை.

அப்படித் தேடிப்போன இடங்களில் அவர் கண்டது என்ன? கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனபோது, அவை நெய்யில் தோய்க்கப்பட்டு ஓம குண்டத்தில் ஆகுதியாகிவிட்டன என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. பழுதான ஏடுகளை அவ்விதம் மரியாதை செய்யவேண்டும் என்று ஆகமம் சொல்லுகிறதாம்! வேறு சில வீடுகளில் ஆடிப்பெருக்கன்று ஏட்டுச் சுவடிகளை வெள்ளத்தில் விட்டிருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் தமிழுக்குப் பகைவர்களல்ல. புஸ்தகத்தைச் சரஸ்வதி என்று கும்பிட்டவர்கள்தான். கரையான் தின்றதைவிட இந்த மரியாதை தின்றது கொஞ்சமா என்பதை அவரவர்களே யோசித்துப் பார்க்கட்டும். கும்பிட்ட ஜனங்களிலும் பெரும்பாலோருக்கு அந்த ஏட்டைத் தொடவோ, எழுத்தைக் கற்கவோ பாத்தியதை இல்லாமலிருந்தது என்பது தனிச் சங்கதி. அச்சு யந்திரம் வந்த பிறகுதான் காசு கொடுத்தவன் எந்த ஜாதியானாலும் நூல் அவன் கைக்குப் போயிற்று.

இன்றைக்கு மட்டும் என்ன வாழ்கிறது? நவராத்திரியில் பிள்ளைகளின் புஸ்தகங்களை அடுக்கிக் குங்குமம் வைத்து, அன்று முழுவதும் தொடாதே என்கிறோம். பரீட்சை வருகிற பிள்ளை திருட்டுத்தனமாய் ஒரு பக்கம் படித்தால் அது பாவமாம். பெரிய மனிதர்கள் வீட்டிலோ வருஷம் 365 நாளும் சரஸ்வதி பூஜைதான். கண்ணாடி அலமாரிக்குள் புஸ்தகங்கள் பிரிக்கப்படாமலே சுகமாய் இருக்கின்றன.

பொது நூலகத்திற்காக 1948-லேயே இந்த மாகாணத்தில் சட்டம் செய்யப்பட்டுவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் நம்மிடம் வாங்கப்படுகிறது. ஆனால் நாம் அறிந்த ஓர் ஊரில் நூலகம் திறந்திருக்கும் நேரம், கூலி வேலைக்காரனும் கடைப் பையனும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமாகவே இருக்கிறது. அவர்கள் வேலை முடிந்து வரும்போது கதவில் பூட்டுத் தொங்குகிறது. பூட்டிய கதவுக்கும் ஆயுதபூஜையன்று சந்தனப் பொட்டு வைக்கத் தவறுவதில்லை! அந்த ஊரில் எத்தனை பேருக்கு ஒரு கேள்வி, ஒரு பிரதி கிடைத்தால் போதுமாயிருந்ததோ, யார் கண்டார்கள்?

ஆகவே நம் தோழர்கள் வெளியீட்டு விழாவுக்குக் கூப்பிட்டால் போகட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் தங்கள் ஊர் நூலகத்திற்குப் போய், என்ன நேரத்தில் திறக்கிறார்கள், சென்ற வருஷம் என்னென்ன புஸ்தகம் வாங்கினார்கள் என்று விசாரிக்க வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் திறந்து வைக்கும்படி ஐம்பது பேராவது கையெழுத்திட்டு மனுச் செய்யவேண்டும். மனு எழுதும் வகை தெரியாதவர்கள் நமக்கு ஒரு கார்டு போட்டால், மாதிரி எழுதி அனுப்பச் சித்தமாயிருக்கிறோம்.