‘சுவிட்சை ஆஃப் பண்ணா போதும்’

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று எந்தத் தெருவில் கேட்டாலும் இதே பேச்சுதான்: “ஃபேன் மாட்ட எதுக்குங்க எலெக்ட்ரீஷியன்? சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, கொக்கியில மாட்டுங்க, ரெண்டு வயரை முறுக்குங்க, முடிஞ்சது.” 1931-லேயே மின்சார ரயிலைப் பார்த்த ஊர், கரண்ட்டிடம் பயம் விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

சுவிட்ச் துண்டிக்க வேண்டியது ஃபேஸ் வயரை. அவசரமாக வயரிங் முடித்த வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஃபேன் நிற்கும், மேலே வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். சரி, மெயினையே இறக்கிவிட்டால்? அங்கேதான் இன்வெர்ட்டர் குறுக்கே வருகிறது. மெயின் இறங்கியதும் பவர்கட் என்று எடுத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஃபேன் லைனுக்குக் கரண்ட் கொடுக்கும். அதற்குத்தானே வாங்கி வைத்தோம்! இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் ஆகாது. பல மாடல்களில் இ.பி. கரண்ட் அதன் வழியே நேராகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் நிறுத்த வேண்டும். நிறுத்தும் முன்பே ஒரு பிளக் பாயிண்டில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சீலிங்கில் தொங்கும் ஒவ்வொரு வயரிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எரியாத டெஸ்டரை நம்பி ஏணியில் ஏறுவதைவிட டெஸ்டரே இல்லாமல் ஏறுவது மேல்; பயமாவது இருக்கும்.

“பழைய ஃபேனை இருபது வருஷம் தாங்கின கொக்கி புதுசைத் தாங்காதா?” எடையை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்வி. ஃபேன் நாலைந்து கிலோதான். ஆனால் அது சும்மா தொங்குவதில்லை, நாள் முழுக்க அதிர்கிறது. மேல் கப்பைக் கீழே இறக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். கொக்கிக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருந்த ரப்பர் புஷ் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். இரும்போடு இரும்பு உரசி, கொக்கியின் உள்வளைவில் பள்ளம் விழுந்திருக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கிக் கசியும் வீட்டிலும், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கத்து உப்புக்காற்றிலும் துரு வேறு சேர்ந்துகொள்ளும். கொக்கியைச் சுற்றிப் பூச்சு உப்பியிருந்தால் அன்றைக்கு ஃபேன் மாட்டக் கூடாது, அவ்வளவுதான். பழைய ராடையும் போல்ட்டையும் புது ஃபேனுக்கு மாட்டுவதும் வேண்டாத சிக்கனம். ஸ்பிளிட் பின் இல்லாத நட்டு அதிர்விலேயே கழன்று வரும்.

“மேலே சுத்துற ஃபேனை யார் தொடப்போறாங்க, எர்த் எதுக்கு?” ஆயுத பூஜைக்கு முதல் நாள் தொடுவார்கள். இரும்பு ஸ்டூலில் ஏறி, ஈரத்துணியோடு, சுவிட்சை அணைத்துவிட்டு. அந்தச் சுவிட்ச் நியூட்ரலில் இருந்து, ஃபேனுக்குள் இன்சுலேஷனும் போயிருந்தால் இறக்கையிலேயே கரண்ட் இருக்கும். பச்சை எர்த் வயரும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

ஃபேன் ஆடினால் இறக்கையில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டும் வைத்தியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முதலில் இறக்கை ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

எலெக்ட்ரீஷியன் கூலி தண்டம் என்பதில் மட்டும் பாதி ஒப்புக்கொள்கிறேன். கொக்கி நன்றாக இருந்து, வயரில் கரண்ட் இல்லை என்று உறுதியாகி, ஏணியைப் பிடிக்க ஒருவரும் இருந்தால் நீங்களே மாட்டலாம். கொக்கியிலோ எர்த்திலோ கோளாறு என்றால், மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு என்று அரசே ஒன்று நடத்துகிறது. அதில் தேறியவரைக் கூப்பிடுங்கள். வந்ததும் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாரா பாருங்கள்.