தட்டிப் பார்க்காமல் படகு வாங்காதீர்கள்

பழைய கார் வாங்கப் போனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறோம். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் பரிசோதனை வேறு இருக்கிறது. பழைய படகு வாங்குகிறவர்களில் பலர் எஞ்சினை ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சின் கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். படகின் உடம்பே கெட்டிருந்தால்?

கோல சிலாங்கூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு 55 வயதாகி, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. தூண்டில் போட ஆட்களைக் கடலுக்கு ஏற்றிப் போய்ச் சம்பாதிக்கலாம் என்று ஆசை. அவருடைய கூட்டாளி ஒருவர் 17 அடி ஃபைபர் படகை எஞ்சினோடு 18,000 வெள்ளிக்குத் தருவதாகச் சொன்னார். புது நீலப் பெயிண்டு, பார்க்க ஜோராக இருந்தது. ஆள் வைத்துப் பார்ப்போம் என்றேன். சித்தப்பாவுக்கு மனமில்லை.

"30 வருஷக் கூட்டாளிம்மா. ஆள் வெச்சு செக் பண்ணினா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா?"

"உள்ளே என்ன இருக்குன்னு அவருக்கே தெரியாம இருக்கலாம் சித்தப்பா" என்றேன்.

விற்பவரை முன்பின் அறியாத ஃபைபர் பட்டறைக்காரர் ஒருவரைப் பிடித்தோம். (பெரிய படகு என்றால் மரீன் சர்வேயரையே அழைப்பது நல்லது.) படகைக் கரையேற்றி, ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டச் சொன்னார். பிறகு பக்கவாட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தார். நேராகப் பார்த்தால் தெரியாத மேடு பள்ளமும் பழைய ஒட்டு வேலையும் சாய்ந்த வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மேல்பூச்சில் இருந்த மெல்லிய விரிசல்களைப் பார்த்து நான் பயந்தேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. எல்லா விரிசலும் ஆபத்தில்லையாம். ஓர் இடத்திலிருந்து நட்சத்திரம் போலப் பரவினால் எதன் மீதோ மோதியிருக்கும். வரிவரியாக ஓடினால் அந்த இடம் வளைந்து கொடுக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலை எடுத்து, அடிப்பகுதியில் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போனார். காதை வைத்துப் பிழைக்கும் எனக்கு இது பிடித்துப்போனது. கண்ணாடி இழை அடுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தால் 'டக் டக்' என்று கணீரென்ற சத்தம். அடுக்கு பிரிந்திருந்தாலோ உள்மரம் ஊறியிருந்தாலோ 'தொப்' என்று செத்த சத்தம். உள்ளே தொட்டியோ குறுக்குத் தடுப்போ இருந்தாலும் சத்தம் மாறும் என்பதால், அதையும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் 'தொப்'. எஞ்சினைத் தூக்கி நிறுத்தி மேலும் கீழுமாக ஆட்டினார். பலகையும் சேர்ந்து அசைந்தது. மீன் தேடும் கருவிக்காக யாரோ போட்டிருந்த திருகாணியைக் கழற்ற, பழுப்புத் தண்ணீர் கசிந்தது. இந்த மாதிரிப் பழைய படகுகள் பலவற்றில் பின்பலகை என்பது ஃபைபர் போர்த்திய பிளைவுட்தான். சரியாக அடைக்காத ஒரு திருகாணி ஓட்டை போதும், மரம் உள்ளேயே ஊறி மக்கிவிடும். ஓர் ஆள் எடையுள்ள எஞ்சின் அதில்தான் தொங்குகிறது. நடுக்கடலில் அது விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புதுப் பெயிண்டில் இதெல்லாம் தெரியாது.

கூட்டாளி மாமா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின வாரம்தான் பேரப்பிள்ளைகளை அதில் ஏற்றிப் போயிருந்தாராம். பின்பலகையை அவர் செலவிலேயே மாற்றித் தருவதாகவும், விலையைப் பிறகு பேசலாம் என்றும் முடிவானது. நட்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

எப்போதும் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகு என்றால் கொப்புளத்தையும் தேடுங்கள். மேல்பூச்சைத் தாண்டி இறங்கும் நீர் உள்ளே இருக்கும் ரசாயனத்தோடு சேர்ந்து தோலைப் புடைக்க வைக்கிறது. நம் ஊர் போல வெதுவெதுப்பான கடலில் இது சீக்கிரம் நடக்கும். குத்தினால் காடி வாடையுள்ள நீர் பீய்ச்சி அடிக்கும். கண்ணில் பட்டால் வம்பு, ஆகவே நீங்களாகக் குத்த வேண்டாம். ஒன்றிரண்டு கொப்புளத்தைச் சரிசெய்துவிடலாம். அடிப்பகுதி முழுக்க என்றால் அந்தப் படகு வேண்டாம் என்பேன். ஈரமானி வைத்துப் பார்ப்பவர்கள், கரையேற்றிய உடனே வரும் அளவை நம்பக்கூடாது. வெளி ஈரம் காய அவகாசம் கொடுக்க வேண்டும்.

பரிசோதகரை விற்பவர் கொண்டுவருவதாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, உங்கள் ஆளையே அழையுங்கள். கூலி உங்கள் கையிலிருந்து போகட்டும். முன்பணம் கொடுத்தால், பரிசோதனையில் பழுது தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.