ஒரே குடும்பம், ஓட்டை உண்டியல்

‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று முதலாளி பேச ஆரம்பித்தால், உடனே உங்கள் பேங்க் கணக்கைப் பாருங்கள். அந்த மாதச் சம்பளம் வந்திருக்காது!

என் அக்கா பையன் பெருங்குடியில் ஒரு ஸ்டார்ட்-அப் கம்பெனியில் புரோகிராமர். சேர்ந்த புதிதில் அவன் பேச்சைக் கேட்கணுமே... ‘மாமா, பாஸையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஆபீஸ்லயே டேபிள் டென்னிஸ் இருக்கு. டிபன் ஃப்ரீ!’

ஒரு வருஷத்தில் டிபன் நின்றது. ஒன்றாம் தேதி வந்த சம்பளம் பத்தாம் தேதிக்குப் போச்சு. பத்து, இருபத்தைந்தாச்சு. கடைசியில் தேதியே இல்லாமல் போச்சு. டேபிள் டென்னிஸ் மேஜை மட்டும் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமைதோறும் மீட்டிங். ‘இன்வெஸ்டர் கையெழுத்துப் போடப் போறார். இன்னும் ரெண்டே வாரம்!’ அந்த ரெண்டு வாரம் நாலு மாசம் ஓடியது. சம்பளம் கேட்டவனிடம், ‘உனக்குக் கம்பெனி மேல நம்பிக்கை இல்லையா?’ என்று திருப்பிக் கேட்டார்கள். சம்பளத்துக்குப் பதில் கம்பெனிப் பங்கு தருகிறோம் என்றார்கள். விற்க முடியாத பங்கை வைத்து எந்த மளிகைக் கடையில் அரிசி வாங்குவது?

ஒரு நாள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்திருக்கிறான். சம்பளத்தில் பிடித்த பணம் மூன்று மாதமாகக் கட்டப்படவே இல்லை. இதற்குப் பேர் நிதி நெருக்கடியா? ஊழியர் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி என்கிறது சட்டம்.

‘தொழில்னா நஷ்டம் வரத்தானே செய்யும்?’ என்பீர்கள். வரட்டும். கம்பெனி தோற்பது குற்றமே இல்லை. கல்லாப்பெட்டி காலி என்று தெரிந்தும், அதை மறைத்து இன்னும் நாலு மாசம் வேலை வாங்குவதுதான் குற்றம். எங்கள் தெருமுனை டீக்கடையில் மழை நாளில் பாதிப் பால் மிஞ்சிப் போகும். ஆனால், ராத்திரி கடை சாத்தும்போது மாஸ்டர் கூலி மாஸ்டர் கைக்குப் போய்விடும். லாபத்தில் பங்கு கேட்காதவனை நஷ்டத்துக்கு மட்டும் பங்காளி ஆக்கக் கூடாது என்பது அந்த டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது!

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. பி.எஃப். பணத்துக்குக் கெடு 15-ம் தேதி. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடை ஏதுமில்லை என்று தமிழக அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. ஆனால், நம்ம பசங்களுக்குச் சங்கம் என்றாலே பஸ் கண்டக்டர் சமாச்சாரம். அந்தக் கண்டக்டர் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனால் டெப்போ வாசலில் கூட்டம் கூடும். இங்கே நாலு மாசம் போனாலும் ‘பாஸ் ரொம்ப நல்லவர் மாமா!’

தம்பிகளே, மாதாமாதம் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். ஒரு மாதம் சம்பளம் தவறினால் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது மாதமும் தவறினால் வேறு வேலை தேடுங்கள். அது துரோகம் இல்லை.

நாலு மாசமும் பையனின் ரூம் வாடகையைக் கட்டியது யார் தெரியுமா? ஊரில் வளையலை அடகு வைத்த என் அக்கா. அந்தக் கம்பெனியின் கடைசி இன்வெஸ்டர் அவள்தான். எந்தத் திங்கட்கிழமை மீட்டிங்குக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை.