முகத்துவாரத்து மணல்



தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் வரும் கேள்வி ஒன்றுண்டு: “சாமி, செபமாலை சொல்கிறோம், தியானத்துக்கும் போகிறோம். ஆனாலும் மனம் போன ஆண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறதே?” கேட்பவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு விடை சொல்ல, 1515ஆம் ஆண்டு முதல் மகிமை மாதாவின் ஆலயம் விளங்கும் பழவேற்காட்டுக்கு நாம் வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. கடலுக்கும் அதற்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டா நீண்டு கிடக்கிறது. தெற்கே, ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே புகும். அதனோடு இறால் குஞ்சுகளும் வந்து சேரும். மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் பாயும்போது முகத்துவாரம் அகன்று திறந்திருக்கும். வெள்ளத்தின் வேகம் தணிந்ததும், அலைகள் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு வரும் மணல் அங்கே படியத் தொடங்குகிறது. ஒரே இரவில் மூடிவிடுவதன்று. நேற்று ஆழமாயிருந்த இடத்தில் இன்று படகின் அடி தட்டும், அவ்வளவே. முற்றிலும் அடைபட்டுவிட்டாலோ, கோடை வெயிலில் ஏரிநீர் வற்றி உப்பு மிகுந்து, இறாலும் மீனும் குன்றிப்போகின்றன. ஏரி இருக்கிறது, கடலும் கூப்பிடு தூரத்தில் முழங்கிக்கொண்டேயிருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் மணல்! மண்வெட்டியும் கூடையுமாகக் குப்பத்தார் திரண்டு சென்று அதை வெட்டித் திறந்ததுண்டு. அண்மையில் அரசும் கற்சுவர் எழுப்பி வழியை நிலைநிறுத்த முனைந்துள்ளது.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், யாகப்பரும் அருளப்பரும் படகில் அமர்ந்து வலைகளைச் சீர்செய்துகொண்டிருக்கும்போது ஆண்டவர் அவர்களை அழைக்கிறார். அங்கே ‘சீர்செய்தல்’ என்பதற்கு வரும் கிரேக்கச் சொல்லையே, தவறியவனைத் திருத்தி நிலைநிறுத்துவதற்குப் புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் ஆளுகிறார். குருமடத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். பொருள் விளங்கியதென்னவோ ஏரிக்கரையில்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் அக்கரையில் ஒரு பெரியவர் தம் உடன்பிறந்த தம்பியோடு பேசுவதில்லை. அங்கே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் முதலிய ஊர்களில், எந்த நீர்ப்பரப்பில் எந்நாளில் யார் வலையிடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இவ்விருவருக்கும் அத்தகைய முறை பற்றியே பிணக்கு. அதற்குள் பதினோராண்டு கடந்திருந்தது. இதையெல்லாம் அவர் எம்மிடம் சொன்னது தம் வீட்டுத் திண்ணையில், பலரறிய, பாவசங்கீர்த்தனத்தில் அன்று. ஆகவேதான் எழுதுகிறோம். மனம் செபத்தில் ஒன்றவில்லை என்று அவர் வருந்தியபோது, நாள்தோறும் இன்னுமொரு செபமாலை சொல்லும்படி ஆலோசனை கூறினோம். இளம் குருவின் அவசரம்!

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “முகத்துவாரம் அடைச்சா ஊரே மண்வெட்டி தூக்குது சாமி. இவருக்கு மட்டும் செபம் போதுமா?”

யாம் வாயடைத்துப்போனோம். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவரின் கட்டளையை, மறையுரையில் எத்தனை முறை விளக்கியிருப்போம்!

சாம்பல் புதனுக்கு முந்தின மாலை பெரியவர் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி வீட்டில் இல்லை. முற்றத்தில் கிழிந்த வலையொன்று கிடந்ததாம். பேசாமல் அமர்ந்து அதைச் சீர்செய்யத் தொடங்கினார். இருட்டும் வேளையில் திரும்பிய தம்பி, சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, விளக்கை எடுத்துவந்து அருகில் வைத்தாராம். அன்று பேச்சு எழவில்லை. பேசியது பெரிய வியாழனன்றுதான்.

ஈராண்டுக்குப்பின் வேலித் தகராறு ஒன்றில் இருவரும் மீண்டும் முகம் திருப்பிக்கொண்டதாகக் கேள்வியுற்றோம். இம்முறை அண்ணன் மூன்றாம் நாளே புறப்பட்டுவிட்டார்.