தீர்ப்புக்குப் பின் மூன்று மாதம்

சென்ற வாரம் எமது மேசைக்கு அப்பியாசக் கொப்பி ஒன்று வந்து சேர்ந்தது. அனுப்பியவர் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி. நாற்பது பக்கங்களில், அழகிய கையெழுத்தில், திரைப்படத்திற்கென ஒரு கதை எழுதியிருந்தார். விவாகரத்துப் பெற்ற பெண்ணொருத்தி பஸ் தரிப்பிடத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள். குடையுடன் ஓர் இளைஞன் வருகிறான். கண்கள் சந்திக்கின்றன, பாட்டு ஒன்று பிறக்கிறது, ஊரார் தூற்றுகின்றனர், இறுதியிற் கல்யாணம். “இது படமாகுமா? இதிலுள்ள குறை யாது?” என்பது மாணவியின் கேள்வி. கடைசிப் பக்கத்தின் அடியிற் சிறிய எழுத்தில் இன்னுமொரு செய்தி இருந்தது. கதாநாயகி வேறு யாருமல்லர். தமது சொந்த அக்காவே. கதையிலாவது அவர் நன்றாக வாழட்டும் என்றுதான் எழுதினாராம்.

அந்தக் கடைசிச் செய்திக்காகவே இவ்வாரப் பத்தியை இக்கொப்பிக்கு ஒதுக்குகிறோம்.

தங்கையே, குறையை முதலிற் சொல்லிவிடுகிறோம். எதிர்பாராத காதல் என்பது கதாபாத்திரங்கள் எதிர்பாராததாய் இருத்தல் வேண்டும். பார்ப்போர் நம்ப முடியாததாய் இருத்தலாகாது. மழையும் குடையும் ஒரு சந்திப்பைத் தரலாம். ஒரு மனமாற்றத்தைத் தரமாட்டா. உமது கதையில் விவாகரத்து என்பது படம் தொடங்குமுன்பே முடிந்துபோன ஒரு செய்தியாகக் கிடக்கிறது. உண்மையில் கதை இருப்பதே அங்கேதான்.

எமது நாட்டுச் சட்டத்தைச் சற்று நோக்குவோம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, விவாகத்தைக் கலைப்பதாக நீதிமன்றம் முதலில் வழங்கும் தீர்ப்பு உடனே முழுமை பெறுவதில்லை. குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது முடிந்த முடிபாகும். அதுவரை அவள் சட்டத்தின் கண்ணில் மனைவிதான், வாழ்க்கையிலோ தனித்தவள். மறுமணம் செய்யவும் இயலாது. பழைய வீட்டுக்குத் திரும்பவும் மனமில்லை. இந்த மூன்று மாதத்தினும் சிறந்த திரைக்கதைக் களம் வேறு எங்கே கிடைக்கும்?

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1937இல் லியோ மக்கேரி நெறியாள்கை செய்து, சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்ற ‘தி ஆஃபுல் ட்ரூத்’ என்னும் அமெரிக்கப் படம் இத்தகைய ஒரு தவணையின் மீதே எழுந்தது. கேரி கிராண்டும் ஐரீன் டன்னும் கணவன் மனைவியாக நடித்தனர். ஒருவரையொருவர் ஐயுற்று நீதிமன்றம் செல்கின்றனர். தீர்ப்பு முடிவாக 90 நாள் ஆகும். வளர்ப்பு நாய் யாரிடம் இருப்பது என்ற வழக்கு வேறு! நாய் மனைவியிடம் செல்கிறது; நாயைப் பார்க்கும் உரிமை கணவனுக்கு. ஆகவே பிரிந்தவர்கள் சந்தித்தே தீரவேண்டும். அவளுக்கு வேறொரு செல்வந்தன் வாய்க்கிறான். இவனுக்கு வேறொரு செல்வச் சீமாட்டி. கடைசி இரவில், நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே இருக்கையில், அடுத்தடுத்த இரு அறைகளுக்கிடையே தாழ் நில்லாத ஒரு கதவு. எதிர்பாராத காதல் புதியவர் மீதன்று. பழையவர் மீதே வருகிறது. தவணை ஒன்று, சந்திக்கச் செய்யும் காரணம் ஒன்று, கதவு ஒன்று. படம் முழுவதும் இம்மூன்றினால் நடக்கிறது.

தமிழிலும் உதாரணம் உண்டு. மணிரத்தினத்தின் ‘மௌன ராகம்’ 1986இல் வெளிவந்தது. மணமான கையோடு விவாகரத்துக் கேட்கும் பெண்ணுக்கு, ஓராண்டு பொறுத்தே ஆகவேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். பிரிவதற்காகச் சேர்ந்து வாழ்ந்த அந்த ஓராண்டு முடியுமுன், பிரிய விரும்பியவளே பிரிய மனமின்றி நிற்கிறாள்.

இனி மூன்றாவது உதாரணம். இது உமக்கு முக்கியமானது. கே. பாலசந்தரின் ‘அவர்கள்’, ஆண்டு 1977. சுஜாதா ஏற்ற அனு என்னும் பாத்திரம், கொடுமைக்காரக் கணவனை விவாகரத்துச் செய்து, கைக்குழந்தையுடன் வேலை பார்த்து வாழ்பவள். பழைய காதலன் மீண்டும் எதிர்ப்படுகிறான். கமலஹாசன் நடித்த ஜனார்த்தனனோ, கையிலுள்ள பொம்மையைப் பேசவைத்து, தன் காதலைச் சொல்லாமல் வைத்திருக்கிறான். பிரிந்த கணவனும் திருந்தியவன்போல வருகிறான். மூவருள் யாரை மணப்பாள் என்று நாம் காத்திருக்க, அனு எவரையும் மணவாது ரயிலேறுகிறாள். துணையாகச் செல்பவர் முன்னாள் மாமியார். விவாகரத்தான பெண்ணுக்கு மறுமணம் ஒன்றே பரிசு என்ற எண்ணத்தை அப்படம் அன்றே மறுத்துவிட்டது.

இப்பொழுது உமது கொப்பிக்கு வருவோம். குடைக்காரனை விடும். உமது அக்கா ஆசிரியை என்று எழுதியிருக்கிறீர். முதல் தீர்ப்பின் மறுநாள் அவர் பாடசாலைக்கு வருவதாகத் தொடங்கும். வகுப்பிற் கரும்பலகையில், அவர் நடத்தவேண்டிய பாடம் வேறொருவர் கையெழுத்தில் முடிந்திருக்கிறது. வழக்கு நாள்தோறும் அப்படியே நடந்ததென்பதைப் பிள்ளைகள் சொல்லித்தான் அறிகிறார். பாடம் நடத்திய ஆசிரியர் அதைப் பற்றி வாய்திறந்ததில்லை. இவரும் நன்றி சொல்லத் தயங்குகிறார். மூன்று மாதம் கழியும்வரை அவ்விருவரும் ஒரு சொல்லும் பேச முடியாது. பேசினால் ஊர் மட்டுமன்று, வழக்கும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த அடக்கம் போதும். பாட்டே வேண்டியதில்லை.

முதற் கணவனை முழுக் குடிகாரனாக்கி விட்டீர். எமது பொது விவாகச் சட்டம் பிறர்மனை சேர்தல், தீய எண்ணத்துடன் கைவிடுதல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு போன்ற காரணங்களைக் காட்டச் சொல்கிறது. ஆகவே நீதிமன்றத்திற்குக் குற்றவாளி ஒருவர் தேவைப்படுகிறார். கதைக்கு அத்தேவை இல்லை. அவனுக்காக நாம் இரங்கும் ஒரு காட்சியாவது வையும். அக்கா அவனை ஒருகாலத்தில் நேசித்தார் என்பது அப்போதுதான் விளங்கும். நேசித்ததை இழந்தவருடைய இரண்டாம் நேசத்துக்குத்தான் கனம் உண்டு.

கடைசியாக ஒன்று. இக்கதையை உமது அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தீரா? கொடுக்கவில்லை என்றே எண்ணுகிறோம். கொடுத்திருந்தால் அந்தச் செய்தியைச் சிறிய எழுத்தில் எழுதியிருக்கமாட்டீர். அவருடைய துயரம் அவருக்கு உரியது. அதன் முடிவும் அவருக்கே உரியது. அன்பினாற்கூட நாம் ஒருவருக்குக் கல்யாணம் எழுதிவைத்தல் ஆகாது. கொப்பியை எடுத்துக்கொண்டு, மாலையில் ஓய்ந்திருக்கும் வேளை பார்த்து, அவரருகில் அமரும். மூன்று மாதம் முடியும் அந்தக் கடைசி நாளில் உமது கதாநாயகி என்ன சொல்வாள் என்று அவரையே கேளும். அவர் சிரித்தால் சிரிப்பை எழுதும். சினந்தால் கொப்பியை மூடிவிடும். வேறு கதை எழுத உமக்கு வயது இருக்கிறது.

அவர் எழுதச் சம்மதித்தால், புதிய கொப்பியையும் எமக்கு அனுப்பும். காத்திருக்கிறோம்.